பல்லா, மனசா?

பிப்ரவரி 11

அன்புள்ள அப்பாவுக்கு,

ஹாஸ்டல் வந்து சேர்ந்துவிட்டேன். பஸ்ஸில் ஜன்னலோர இடம் கிடைத்தது. மூச்சு முட்டவில்லை. முட்டுமோ என்று பயந்துகொண்டே இருந்தேன், அவ்வளவுதான்.

உங்கள் லிப்ட் கம்பெனி விலாசத்துக்கு மகள் கடிதம் போட்டிருக்கிறாளே என்று பதற வேண்டாம். வீட்டுக்குப் போன் செய்தால் நீங்கள் உடனே ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறீர்கள். அம்மா அழ ஆரம்பிக்கிறாள். அக்கா போனைப் பிடுங்குகிறாள். "சாப்பிட்டியா?" "சாப்பிட்டேன்." "தூங்கினியா?" "தூங்கினேன்." அத்தோடு கதை முடிந்தது. கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. நீங்களும்தான்.

ஹாஸ்டல் பரவாயில்லை. காலையில் ஜெராக்ஸ் கடை வேலை. முதலாளிக்கு என்னைப் பிடிக்கும், ஏனென்றால் நான் அதிகம் பேசுவதில்லை. வியாழக்கிழமை மதியம் மட்டும் ஆஸ்பத்திரி. நீங்கள் முதல் நாள் கூட வந்தீர்களே, அதே படிக்கட்டு. மேலே ஏறியதும் ஸ்டூலில் உட்கார்ந்திருக்கும் வாட்ச்மேன் இன்னமும் அதையேதான் கேட்கிறார்: "பல்லா, மனசா?" பல் என்றால் இடது பக்கம். மனசு என்றால் வலது பக்கம். அவர் குரலில் எந்தக் கேலியும் இல்லை. டிக்கெட் கொடுக்கிற கண்டக்டர் மாதிரி கேட்கிறார். கேலி எல்லாம் நம் காதில்தான் இருக்கிறது.

அன்றைக்கு உங்கள் பழைய சூப்பர்வைசர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு இடது பக்கத்திலிருந்து வந்தார், ஞாபகம் இருக்கிறதா? "என்னப்பா, நீ இங்க?" என்றார். நீங்கள் யோசிக்கவே இல்லை. "பொண்ணுக்குப் பல்லு" என்றீர்கள். அன்றிலிருந்து நம் ஊரில் எனக்குப் பல் வியாதி. போன வாரம் வீட்டுக்கு வந்திருந்தபோது எதிர்வீட்டு மாமி என் தாடையைப் பிடித்துத் திருப்பி, "வீக்கம் வத்திடுச்சே" என்று சந்தோஷப்பட்டார்.

நான் மட்டும் இல்லை அப்பா. வலது பக்கத்து பெஞ்சில் என்னோடு உட்கார்கிற பையன், அவன் வீட்டுக் கணக்கில் கோச்சிங் கிளாஸில் இருக்கிறான். அவனுக்குப் பக்கத்துப் பெண் தையல் வகுப்பில் இருக்கிறாள். "ஒரு ஜாக்கெட்டாவது தச்சுக் காட்டுன்னு மாமியார் கேக்குறாங்க, என்ன செய்யுறது?" என்று கேட்டுச் சிரித்தாள். பிறகு அழுதாள். அந்த பெஞ்சில் உட்கார்ந்திருக்கும் எல்லோரும் ஊரில் வேறெங்கோ இருக்கிறார்கள்.

எனக்கு வைத்தியம் பார்க்கிற மேடத்தின் அறையில் இரண்டு நாற்காலி, ஒரு மேஜை, கடகட என்கிற மின்விசிறி. மூச்சு முட்டும்போது உடம்புக்குள் என்ன நடக்கிறது என்று தாளில் படம் போட்டுக் காட்டினார். நான் நடிக்கவில்லை என்று எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது. காலேஜில் எல்லோரும் நடிப்பு என்று சொல்லிச் சொல்லி, நானும் பாதி நம்பியிருந்தேன். "நார்மல்னு ஒரு சர்டிபிகேட் வாங்கிட்டு வாங்க, அப்புறம் வகுப்பில் சேர்க்கிறோம்" என்று பிரின்சிபால் உங்களிடம் சொன்னாரே, அவருக்கு யார் கொடுத்தார்கள் அந்த சர்டிபிகேட்?

ஒரு விஷயம். ஏப்ரல் 16, வியாழன், வீட்டு ஆள் ஒருவர் வந்து என்னோடு மேடம் முன்னால் உட்கார வேண்டும். "யாரைக் கூப்பிடலாம்?" என்று கேட்டார். உங்களைச் சொல்லியிருக்கிறேன். அம்மா வந்தால் நான்தான் அம்மாவைத் தேற்ற வேண்டியிருக்கும். நீங்கள் வாருங்கள்.

உங்கள்
பொடிசு


பிப்ரவரி 20

அன்புள்ள பொடிசுக்கு அப்பா எழுதுவது,

இங்கே எல்லோரும் சுகம், அம்மாவின் முழங்காலைத் தவிர. உன் கடிதத்தை ஸ்டோர் கீப்பர் கொண்டுவந்து கொடுத்து, "யாரு சார், காதல் கடிதமா?" என்றான். இந்த வயசில் எனக்கு எவள் எழுதப் போகிறாள் என்றேன். பழைய செக்கிங் ஷீட்டின் பின்பக்கம் எழுதுகிறேன், கோபித்துக்கொள்ளாதே.

போன வாரம் ஒரு அடுக்குமாடியில் லிப்ட் நின்றுவிட்டது. உள்ளே ஒரு வக்கீல். கோர்ட்டில் சிங்கமாம். கதவைத் தட்டித் தட்டிக் கத்துகிறார். நான் இடுக்கு வழியாகப் பேச்சுக் கொடுத்தேன். "சார், நீங்க இப்ப ரெண்டாம் மாடிக்கும் மூணாம் மாடிக்கும் நடுவுல நிக்கிறீங்க. கீழ விழாது. நான் வெளியில இருக்கேன், எங்கயும் போகல." அப்புறம்தான் அடங்கினார். வெளியே வந்ததும் என்னைக் கண்டுகொள்ளாமல் போய்விட்டார். போகட்டும்.

நல்ல சேதி. அக்காவுக்கு ஒரு இடம் வந்திருக்கிறது. பையன் சர்வேயர். நல்ல குடும்பம், அதிகம் வாய் பேசாதவர்கள். மார்ச் எட்டாம் தேதி வீட்டுக்கு வருகிறார்கள். நீயும் வந்தாக வேண்டும்.

ஒரு சின்னச் சிக்கல். பையனின் அண்ணி பல் டாக்டர். "சின்னவ எங்க?" என்று கேட்டபோது உன் அம்மா வழக்கம்போல, "பல்லுக்கு வைத்தியம் நடக்குது, அங்கயே தங்கியிருக்கா" என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் உடனே, "என்ன பிரச்சனை? எத்தனை மாசமா? நான் ஒரு தடவை பாக்குறேனே" என்று கிளம்பிவிட்டார். மாதக்கணக்கில் வைத்தியம் என்றால் கம்பி போட்டிருப்பார்கள் என்று அவரே சொல்லிக்கொண்டார். நாங்களும் தலையை ஆட்டிவிட்டோம்.

அதனால் யோசித்தேன். நீ போகிற ஆஸ்பத்திரியிலேயே இடது பக்கம் போய் ஒரு கம்பி போட்டுக்கொள்ளேன். பல் கொஞ்சம் வரிசையானால் நல்லதுதானே. கல்யாணம் முடிந்ததும் கழற்றிவிடலாம். அக்காவுக்காக.

ஏப்ரல் விஷயம் அப்புறம் பார்க்கலாம். அந்தச் சமயம் கம்பெனியில் லீவு கிடைப்பது கஷ்டம்.

அன்புடன்
அப்பா


பிப்ரவரி 26

அன்புள்ள அப்பாவுக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை சிரித்தேன். இரண்டாம் தடவை ஜெராக்ஸ் மெஷினை ஓங்கிக் குத்தினேன். முதலாளி, "அது என்னம்மா பாவம் பண்ணிச்சு?" என்றார்.

என் பல் நன்றாக இருக்கிறது. அதற்குக் கம்பி போட மாட்டேன்.

யோசித்துப் பாருங்கள். ஒழுங்காக இருக்கிற பல்லில் இரும்பைக் கட்டி, வாய் முழுக்கப் புண்ணாக்கிக்கொள்ளச் சம்மதம். ஒரு வார்த்தையைச் சொல்லச் சம்மதமில்லை. எனக்கு மஞ்சள் காமாலை வந்திருந்தால் தெரு முழுக்கச் சொல்லியிருப்பீர்கள். கால் உடைந்திருந்தால் கட்டு மேலே கையெழுத்துப் போட வரிசையில் நின்றிருப்பார்கள். எனக்கு வந்தது வேறு இடத்தில். அதற்காக நான் என்ன திருடினேனா?

அக்காவின் கல்யாணத்தை நான் கெடுக்க நினைக்கவில்லை. அவள் எனக்குத் தலை பின்னிவிட்டவள். நானாகப் போய் யாரிடமும் எதையும் சொல்ல மாட்டேன். ஆனால் கேட்டால் பொய் சொல்ல மாட்டேன். இதுதான் என்னால் முடிந்தது. முன்கூட்டியே எழுதிவிட்டேன், பிறகு திடீரென்று சொன்னேன் என்று சொல்லாதீர்கள்.

அறையில் என்ன செய்கிறோம் என்று நீங்கள் கேட்கவே இல்லை. நானே சொல்கிறேன். ஒவ்வொரு வாரமும் ஒரு வேலை கொடுக்கிறார். போன வாரம், கூட்டமான கடையில் வரிசையில் நிற்க வேண்டும், மூச்சு முட்டினாலும் ஓடக் கூடாது. நின்றேன். முன்னால் இருந்த ஆள் சில்லறைக்காகச் சண்டை போட்டுக்கொண்டே இருந்தார். எனக்கு மூச்சு முட்டியது. ஓடவில்லை. சோப்பு வாங்கிக்கொண்டு வந்தேன். மேடத்திடம் சோப்பைக் காட்டினேன். "மெடல் மாதிரி தூக்கிக் காட்டுறியே" என்று சிரித்தார். எனக்கு அது மெடல்தான்.

இந்த வாரத்து வேலை என்ன தெரியுமா? "வீட்ல சொல்லாம விட்டதை ஒண்ணு சொல்லிப் பாரு." இந்தக் கடிதம் அந்த வேலையில் சேருமா என்று கேட்க வேண்டும்.

எட்டாம் தேதி வருகிறேன், வெறும் பல்லோடு.

பொடிசு


மார்ச் 12

பொடிசுக்கு,

நீ ஹாஸ்டல் போய்ச் சேர்ந்தாய் என்று அக்காவின் போனில் தெரிந்துகொண்டேன். என்னிடம் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டாய். நானும் எழுந்து வரவில்லை. சரிக்குச் சரி.

அன்றைக்கு நடந்ததை நீ ஒரு மாதிரி நினைத்துக்கொண்டிருப்பாய். நான் எப்படிப் பார்த்தேன் என்று சொல்கிறேன். அந்தப் பல் டாக்டர் அம்மாள் டீ டம்ளரை வைத்துவிட்டு, "எங்கம்மா, வாயைத் திற, பாப்போம்" என்றார். எல்லோரும் பார்க்கிறார்கள். நீ திறந்தாய். ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். "எல்லாம் முத்து மாதிரி இருக்கே! எந்தப் பல்லுக்கு வைத்தியம்?" அப்போதாவது ஏதாவது ஒரு கடைவாய்ப் பல்லைக் காட்டியிருக்கலாம். நீ நேராக, "பல்லுக்கு இல்லங்க. நான் போறது மனசுக்கு. மூச்சு முட்டுது, படிக்க முடியல, அதுக்கு வைத்தியம் பண்ணிக்கிறேன். பல்லுங்கிறது வீட்ல சொல்றது" என்றாய்.

"வீட்ல சொல்றது." அந்தக் கடைசி வார்த்தை எதற்கு? உன் வியாதியைச் சொன்னாய், சரி. எங்களையும் சேர்த்துப் பொய்யர்களாக்க வேண்டுமா?

பையனின் அப்பா டம்ளரைப் பார்த்துக்கொண்டே, "இப்ப பிள்ளைங்களுக்கு இதெல்லாம் சகஜம்தான்" என்றார். அப்படிச் சொல்கிறவர்கள் திரும்பி வருவதில்லை. யோசித்துச் சொல்கிறோம் என்று போனார்கள். இன்றுவரை போன் இல்லை. அம்மா தெருவில் இறங்குவதில்லை. எதிர்வீட்டு மாமி தாடையைப் பற்றிக் கேட்பதை விட்டுவிட்டார். கேட்காமல் இருப்பதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

ஒரே ஒரு மாதம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்திருக்கலாம்.

நான் முடிவு செய்துவிட்டேன். அக்கா விஷயம் ஒரு வழிக்கு வரும்வரை இந்த வைத்தியம் வேண்டாம். இப்போது தேறிவிட்டாய்தானே? கடையில் வரிசையில் நிற்கிறாய், பஸ்ஸில் வருகிறாய். ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு வா. ஏப்ரலில் நான் வருவதாக இல்லை. அங்கே உட்கார்ந்து ஒரு வெளி ஆளிடம் என் வீட்டை விரித்துக் காட்ட என்னால் முடியாது.

அப்பா


மார்ச் 17

அன்புள்ள அப்பாவுக்கு,

ஹாஸ்டலைக் காலி செய்ய மாட்டேன். வியாழக்கிழமை போவதையும் நிறுத்த மாட்டேன். இதை முதலில் எழுதிவிடுகிறேன், தேடிக்கொண்டே படிக்க வேண்டாம்.

"வீட்ல சொல்றது" என்று சொன்னது தப்பாக இருக்கலாம். அம்மா முகம் போன போக்கைப் பார்த்தேன். அதற்கு வருத்தம் இருக்கிறது. மற்றதற்கு இல்லை.

தேறிவிட்டாய்தானே என்று கேட்டிருக்கிறீர்கள். பாதி. லிப்டைப் பாதியில் நிறுத்தி, இறங்கிக்கொள்ளுங்கள் என்று நீங்கள் யாரிடமாவது சொல்வீர்களா?

அப்பா, உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அந்த வக்கீலிடம் நீங்கள் "ஒண்ணுமில்ல சார்" என்று சொல்லவில்லை. "வேற எதுவும் இல்ல, பல்லு வலி" என்று சொல்லவில்லை. எங்கே நிற்கிறார் என்று சொன்னீர்கள். நான் இருக்கிறேன் என்று சொன்னீர்கள். முன்பின் தெரியாத ஆள். வெளியே வந்து உங்கள் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை.

போன வருஷம் நான் காலேஜிலிருந்து திரும்பி வந்த பிறகு, ஒரு சாயங்காலம் மொட்டை மாடியில் போய் நின்றேன். நீங்கள் மேலே வந்தீர்கள். என் கையைப் பிடித்துக் கீழே கூட்டி வந்தீர்கள். கை வலிக்கிற அளவுக்குப் பிடித்தீர்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. அம்மா, "எங்க போயிருந்தீங்க ரெண்டு பேரும்?" என்றாள். "காத்து வாங்க" என்றீர்கள். மறுநாள் மாடிக் கதவில் பூட்டு தொங்கியது. "பூனை வருது" என்றீர்கள். நம் தெருவில் பூனையே கிடையாது. துணி காயப்போட இடமில்லாமல் அம்மா கூடத்தில் கொடி கட்டினாள். அவளும் ஏன் என்று கேட்கவில்லை. எல்லோரும் அந்த இல்லாத பூனைக்காக ஈரத்துணிக்கு அடியில் குனிந்து குனிந்து நடந்தோம்.

உங்களைக் குற்றம் சொல்ல இதை எழுதவில்லை. அந்தப் பூட்டால்தான் இன்றைக்கு நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். பூட்டு சரி அப்பா. பூனைதான் தப்பு.

அன்றைக்கு நான் எங்கே நின்றுகொண்டிருந்தேன் என்று எனக்கே தெரியாது. யாராவது இடுக்கு வழியாகச் சொல்ல மாட்டார்களா என்று காத்திருந்தேன். கடைசியில் ஒரு வெளி ஆள்தான் கேட்டார். "அன்னைக்கு மாடியில உனக்கு என்ன தோணுச்சு?" என்று நேராகக் கேட்டார். கேட்டதால் எதுவும் கெட்டுவிடவில்லை. ரொம்ப நேரம் அழுதேன், பிறகு பசித்தது.

வெளி ஆள் முன்னால் வீட்டை விரிப்பதாகச் சொல்கிறீர்கள். வீட்டை அல்ல, என்னைத்தான். என்னைப் பற்றிப் பேச உங்களை விட்டால் யார் இருக்கிறார்கள்?

ஏப்ரல் 16, மூன்று மணி. நீங்கள் வந்தாலும் வராவிட்டாலும் எனக்குப் பக்கத்தில் இன்னொரு நாற்காலி போடச் சொல்லியிருக்கிறேன். வராவிட்டால், அது காலியாக இருக்கிறது என்பதைப் பற்றிப் பேசுவோம். அதுவும் வைத்தியம்தானாம்.

பொடிசு


ஏப்ரல் 4

அன்புள்ள அப்பாவுக்கு,

பதில் இல்லை. கடிதம் கிடைத்ததா என்று ஸ்டோர் கீப்பருக்குப் போன் செய்து கேட்டேன். "கிடைச்சுதும்மா, சட்டைப் பைலயே வச்சுட்டுச் சுத்துறாரு" என்றார். அது போதும்.

அக்கா பேசினாள். முதலில் திட்டினாள், நன்றாகத் திட்டினாள், காது எரிந்தது. பிறகு, "அவங்க யோசிச்சு முடிச்சிட்டு வரட்டும். நானும் யோசிக்கணும்ல? நாளைக்கு எனக்கே ஒண்ணுன்னா, அந்த வீட்ல எந்தப் பல்லைக் காட்டுறது?" என்றாள். இருவரும் சிரித்தோம். அவள் இன்னும் என்மேல் கோபமாகத்தான் இருக்கிறாள். ஆனால் கோபத்தை என்னிடமே சொல்கிறாள்.

இந்த வாரம் ஒரு காலேஜ் வாசல்வரை போய் வந்தேன். நம்முடையது இல்லை, இங்கே இருக்கிறது. மாலை வகுப்பு உண்டாம். விண்ணப்பம் வாங்கினேன். வாசலில் மூச்சு முட்டியது. முட்டிக்கொண்டே வாங்கினேன்.

16ஆம் தேதி இருப்பேன்.

பொடிசு


ஏப்ரல் 21

அன்புள்ள பொடிசுக்கு,

பஸ் ஸ்டாண்டில் உன்னிடம் சொல்ல நினைத்தேன், வாய் வரவில்லை. எழுதினால் யாரும் குறுக்கே பேச மாட்டார்கள் என்று நீதானே சொன்னாய்.

நான் ஏன் தாமதமாக வந்தேன் என்று மேடம் கேட்டதற்கு பஸ் லேட் என்றேன். பொய். நான் சீக்கிரமே வந்துவிட்டேன். படியேறியதும் அந்த ஆள் கேட்டார். "பல்லா, மனசா?" என் வாய் என்னைக் கேட்கவில்லை. "பல்லு" என்றது. அவர் இடது பக்கம் கை காட்டினார். நானும் போனேன். டோக்கன் கொடுத்தார்கள். பெஞ்சில் உட்கார்ந்தேன். எழுந்து வந்துவிடலாம் என்று பார்த்தால் வாட்ச்மேன் என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது. அதற்குள் கூப்பிட்டுவிட்டார்கள். உள்ளே போய் வாயைத் திறந்து உட்கார்ந்திருக்கிறேன். ஒரு சின்னப் பெண், உன் வயசுதான் இருக்கும், விளக்கடித்துப் பார்த்து, "ஐயா, கடைவாய்ப் பல்லு முழுக்கச் சொத்தை. இத்தனை நாள் வலிக்கலயா?" என்றாள். வலித்தது. வருஷக்கணக்கில் வலிக்கிறது. யாரிடமும் சொன்னதில்லை.

அந்த நாற்காலியில் மல்லாந்து கிடக்கும்போது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து, "எம் பொண்ணு அந்தப் பக்கம் காத்துட்டு இருக்கா" என்று சொல்லிவிட்டு வந்தேன். வாட்ச்மேன் முன்னால் நின்று, "மனசுக்குப் போகணும்" என்றேன். "முன்னயே சொல்லியிருக்கலாமே" என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை.

அதனால்தான் கையில் பல் டோக்கனோடு உள்ளே வந்தேன். நீ அதைப் பார்த்தாய். ஒன்றும் கேட்கவில்லை. நன்றி.

மேடம் அன்றைக்கு மாடியைப் பற்றிக் கேட்டபோது நான் சொன்னது அவ்வளவுதான்: "பூட்டு போட்டேன். பூனைக்காக இல்ல." உன் கையைப் பிடித்துக்கொண்டதும் எனக்குத் தெரியாது, நீ வலிக்குதுப்பா என்றபோதுதான் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னேன். சமையலறையில் நின்றுகொண்டு, "பூனை எதுவும் வரல" என்றேன். அவள் திரும்பிப் பார்க்காமல், "தெரியும்" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு, "அன்னைக்கே தெரியும். நீங்க சொல்லுவீங்கன்னு இருந்தேன்" என்றாள். நான் சொல்வேன் என்று அவளும், அவள் கேட்பாள் என்று நானும். அக்கா இதைக் கேட்டுவிட்டு, "நல்ல குடும்பம்" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

பூட்டை எடுக்கவில்லை. மேடம் இன்னும் கொஞ்ச நாள் இருக்கட்டும் என்றார், நீயும் சரி என்றாய். ஆனால் சாவி இப்போது கூடத்து ஆணியில், எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி தொங்குகிறது. காலையில் அம்மா திறந்து துணி காயப்போடுகிறாள். திரும்பி வந்து பூட்டுகிறாள். கூடத்தில் நிமிர்ந்து நடக்கிறோம்.

பையன் வீட்டிலிருந்து இன்னும் போன் இல்லை. வந்தால் அக்கா பேசிக்கொள்வாளாம்.

மாலை வகுப்பு விண்ணப்பத்தைப் பூர்த்தி செய்துவிட்டாயா? என் கையெழுத்து வேண்டுமென்றால் அனுப்பு.

எதிர்வீட்டு மாமி நேற்று கேட் பக்கம் வந்து, மெதுவாக, "சின்னவளுக்கு இப்ப எப்படி இருக்கு?" என்றார். "பரவாயில்ல. வைத்தியம் நடக்குது" என்றேன். "பல்லுக்கா?" என்றார். பாவம், எனக்கு வசதியாக இருக்கட்டும் என்றுதான் கேட்டார் என்று நினைக்கிறேன். "பல்லு எனக்கு. மனசு அவளுக்கு" என்றேன்.

வருகிற வியாழன் பல் பிடுங்கத் தேதி கொடுத்திருக்கிறார்கள். மூன்று மணிக்கு உன்னோடு உட்கார்ந்துவிட்டு அப்புறம் அங்கே போகிறேன். முதலில் பல்லைப் பிடுங்கினால் வாயில் பஞ்சை வைத்துவிடுவார்கள், பேச முடியாது.

உன்
அப்பா